குடும்பத்தை இரண்டாக்கிய மருமகள்கள்

நான் படித்த கதைகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். ஓர் அண்ணன், ஒரு தம்பி. இருவரும் உயிருக்கு உயிராக இருப்பார்கள். பிறகு கல்யாணம் நடக்கும். மருமகள்கள் வந்து அடுப்பை இரண்டாக்குவார்கள். முந்நூறு பக்கத்துக்கு எல்லோரும் அழுவார்கள். இந்தக் கதைகளை எழுதிய ஆண்களில் ஒருவராவது தன் வீட்டு அடுப்பை ஒரு நாள் மூட்டியிருப்பாரா என்று எனக்கு வெகுகாலமாகச் சந்தேகம். நான் சந்தேகப்படத் தொடங்குவதற்கு முன்பே, நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஒரு குடும்பத்தை இரண்டாக்கி முடித்திருந்தோம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்தது மலாயாவில், சிகாமட்டில். அப்பாவுக்கு ரயில் பாதையில் வேலை. மழைக்காலத்தில் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்து, சாமான்களைப் பார்வையிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு போகும். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி தன் பெண்களோடு எனக்கும் சேர்த்துத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பத்தொன்பது வயதில் பாலோவுக்குப் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தாத் தோட்டத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கூலிகளின் வரிசை வீடுகளான அந்த லயத்துப் பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது வரதட்சணையில் சேராது என்று மாமியார் முதல் வாரமே சொல்லிவிட்டார்.

லயத்தில் எங்களுக்கு இரண்டு அறை. நடுவில் சாக்குத் திரை. ஒரு பக்கம் என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள். இன்னொரு பக்கம் நாங்கள். மாமியார் எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் படுத்துக்கொள்வார். கணவரை இளமையிலேயே இழந்தவர். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை. அம்மாக்கள் மரத்தில் பால் வெட்டப் போன நேரத்தில் முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் எங்களிடம் பேசுவார்.

அண்ணன் தம்பி பாசம் அந்த லயம் முழுக்கப் பிரசித்தம். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டைக் கழுவுவது நாங்கள். அண்ணன் சட்டையைத் தம்பியும், தம்பி சட்டையை அண்ணனும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இரண்டையும் துவைப்பது நாங்கள். ஊரே மெச்சும். எங்களை யாரும் மெச்சியதாக நினைவில்லை.

என் ஓரகத்தி நல்ல உயரம். அந்தத் தோட்டத்தில் அவளைவிட வேகமாகப் பால் வெட்டிய பெண் கிடையாது. அவள் சிரித்தால் மூன்றாவது லயத்தில் நாய் குரைக்கும். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை "ஏ புள்ள" என்பாள். முதல் ஆறு மாதம் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. உப்பு அதிகம், தண்ணீர் குறைவு, என் வாளியை நீ ஏன் எடுத்தாய் என்கிற மாதிரியான உலகப் போர்கள். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு புத்தகம்.

தோட்டத்துக் கடைக்காரர் பிலாச்சான் என்ற இறால் விழுதைக் கிழித்த காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், அதில் ஒரு பெண் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்தாளா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி கடைக்கு ஓடினேன். தடித்த புத்தகம். அட்டையும் முன்னால் முப்பது நாற்பது பக்கமும் ஏற்கனவே லயத்துக் குழம்புகளுக்குப் போய்விட்டன. மிச்சத்தைக் கெஞ்சி வாங்கி வந்தேன். அதன் பெயர் என்ன, எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிலாச்சான் வாசம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

பகல் இரண்டு மணிக்கு மேல், வெட்டிய பாலை ஆபீசில் எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்த பிறகு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். முதலில் வீட்டுக்காரர்கள் மட்டும் கேட்டார்கள். ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் கேட்காதவர்கள் போலத் தள்ளி உட்கார்ந்து கத்தி தீட்டுவார்கள். அழுகை வரும் இடத்தில் தீட்டுகிற சத்தம் நின்றுவிடும்.

கதை என்னவென்றால், அதே கதைதான். பெரிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். அண்ணன் "நில்" என்றால் தம்பி மழையில் விடியவிடிய நிற்பான். குடை எடுத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றாது. மூத்த மருமகள் மாயக்காரி. இளைய மருமகள் நல்லவள், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மயங்கி விழுவாள். மாமியார் பூஜை அறையிலேயே குடியிருந்து கண்ணீர் விடுவார். குடும்பம் பிரியப் போகிறது, அதற்குக் காரணம் பொம்பளை என்பதை ஆசிரியர் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை நமக்கு ஞாபகப்படுத்துவார்.

என் மாமியாருக்குப் பரம திருப்தி. "பாத்துக்கிட்டியா? அச்சடிச்சே போட்டுட்டாங்க. அச்சுல வர்றது பொய்யா இருக்குமா?" என்று ஓரகத்தியைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் ஓரகத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, அந்த மூத்தவளுக்கு ஒரு நல்ல புத்தியும் கிடையாதா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு அக்கா."

"புத்தகம் உன் கையிலதானே இருக்கு? வேற யாருக்குப் படிக்கத் தெரியும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று பகல் பூஜை அறையில் மாமியார் அழும் இடம் வந்தது. நான் கொஞ்சம் மாற்றி, மாமியார் அழுதுவிட்டு ஒளித்து வைத்திருந்த அதிரசத்தைத் தின்றதாகப் படித்தேன். பெண்கள் கைதட்டினார்கள். அடுத்த நாள், இளைய மருமகள் மயங்கப் போகும்போது மூத்தவள் அவள் முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, "எந்திரிச்சு வேலையப் பாரு" என்றாள். தம்பியும் என் கையில் கொஞ்சம் தேறினான். அண்ணன் ஏதோ அநியாயமாக உத்தரவு போட்டபோது, "அண்ணே, இந்த ஒரு பேச்சை மட்டும் நான் கேக்க மாட்டேன்" என்று சொல்ல வைத்தேன். அந்த வசனத்துக்குத் தள்ளி உட்கார்ந்திருந்த ஆண்கள் பக்கத்திலிருந்து "சபாஷ்" என்று ஒரு குரல் வந்தது. என் கணவர் குரல். எழுத்தாளராக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

மாமியாருக்குப் படிக்கத் தெரியாதே தவிர, நினைவு மகா கூர்மை. ஒரு நாள் வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "போன வாரம் அந்த மாமியா ஒருபொழுது இருக்கான்னு படிச்சே. இந்த வாரம் அதிரசம் திங்கிறா. பசி தாங்கலையாக்கும்?"

"ஆமா அத்தை."

"ம். அதிரசத்தோட நிறுத்திக்க. அவளைப் பீடி குடிக்க வெச்சே, புத்தகத்தை அடுப்புல போட்டுடுவேன்."

தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்படி நாங்கள் குடும்பத்தைக் காகிதத்தில் திருத்திக்கொண்டிருந்த சமயத்தில் கித்தா விலை விழுந்தது. நாளுக்கு நாள் விழுந்தது. பக்கத்துத் தோட்டங்களில் மரங்களில் பால் வெட்டாமல் அப்படியே விட்டார்கள். ஆட்களைக் கும்பல் கும்பலாக ரயிலேற்றி, கப்பலேற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் முறையும் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஆள் கூப்பிடும் பெரட்டில் ஆபீஸ் கணக்கரான கிராணி நின்று சொன்னார்: "ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பளை வேலைக்கு இருந்தா, ஒருத்தர் குடும்பத்தோட ஊருக்குப் போயிடணும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து எழுதுங்க."

ஊர் ஊர் என்கிறோமே, எங்கள் வீட்டில் யாருக்கும் அங்கே ஒரு கதவு கிடையாது. என் கணவரின் அண்ணனான மூத்தாரை நாலு வயதில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் கணவர் இங்கே லயத்தில் பிறந்தவர். அங்கே யார் இருக்கிறார்கள் என்று மாமியாரிடம் கேட்டால், "இருந்தா கடுதாசி போட்டிருக்க மாட்டாங்களா" என்பார்.

அந்த நாலு நாளும் அண்ணனும் தம்பியும் முடிவு பண்ணுவார்கள் என்று காத்திருந்தோம். அவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பால் நிறுத்த பிறகு ஆபீஸ் வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கிராணி சன்னலுக்கு உள்ளே பேரேட்டோடு இருந்தார். ஆஸ்துமாக்காரர், அன்று அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் மூத்தார் முன்னால் போய் நெஞ்சில் கை வைத்தார்.

"என் தம்பி போகக் கூடாதுங்க. அவன் சம்சாரம் வாயும் வயிறுமா இருக்கு. நான் போறேன். என் பேரை எழுதுங்க."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அதோடு நின்றிருக்கலாம். என் கணவர் பாய்ந்து வந்தார்.

"எங்கண்ணன் இல்லாத தோட்டத்துல எனக்கென்னங்க வேலை? நான் போறேன். என் பேரை எழுதுங்க."

"டேய், நான் மூத்தவன். சொன்னாக் கேளு."

"அண்ணே," என்று என் கணவர் கண் கலங்கினார். "இந்த ஒரு பேச்சை மட்டும் நான் கேக்க மாட்டேன்."

அது நான் இட்டுக்கட்டிய வசனம். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓரகத்தி மட்டும், "எழுதிடப் போறான்டி, எழுதிடப் போறான்டி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கிராணி மூச்சை இழுத்து விட்டார். "ரெண்டு பேரும் போறேன்னு சொல்றீங்க. சரி, ரெண்டு பேரையும் எழுதியாச்சு. அடுத்தது யாரு?"

அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். அடுத்த ஆள் அவர்களை லேசாக நகர்த்திவிட்டுத்தான் சன்னலுக்குப் போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். மாமியார் செய்தியைக் கேட்டார். கத்தவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டி, உன் புத்தகத்துல இந்த மாதிரி ஆனா அடுத்தது என்ன செய்வானுங்க?"

"அழுவாங்க அத்தை."

"எம்புட்டு நேரம்?"

"அஞ்சாறு பக்கம்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு மகன்களைப் பார்த்தார். அவர்கள் ஏற்கனவே மூன்றாவது பக்கத்தில் இருந்தார்கள். "இவனுங்களை நம்பிப் பிரயோசனம் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓரகத்தி என்னை எழுப்பி, "சேலையை மாத்து. ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள். தோட்டத்து எல்லையைத் தாண்டி மூன்று மைல்கட்டை தூரத்தில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் அன்னாசித் தோட்டம் இருந்தது. அவருடைய மனைவிக்கு ஓரகத்தி எப்போதாவது கோழிமுட்டை கொண்டுபோய்க் கொடுப்பாள். அங்கே களை பிடுங்கவும் காய் சுமக்கவும் ஆள் பற்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். கித்தா படுத்துவிட்டாலும் அன்னாசியைத் தகர டப்பாவில் அடைத்துத் தின்ன வெள்ளைக்காரன் இன்னும் மிச்சம் இருந்தான்.

போகும் வழியில் கேட்டேன். "அக்கா, மச்சானுக்கு உண்மையிலேயே ஊருக்குப் போக ஆசையா?"

"ஆசையா? மழை பெஞ்சா கக்கூசுக்குப் போகவே ரெண்டு தரம் யோசிக்கிற மனுஷன்டி அது."

"அப்புறம் ஏன் போறேன்னாரு?"

"தம்பி தடுப்பான்னு நம்பித்தான். உன் வீட்டுக்காரர் ஏன் போறேன்னாரு?"

யோசித்தேன். "அண்ணன் தடுப்பாருன்னு."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவள் சிரித்தாள். பிறகு எனக்கும் சிரிப்பு வந்து, நிற்க முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளை உதைத்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தி, "கப்பல்ல வெச்சு உனக்கு வலி கண்டா என்னடி செய்வே?" என்றாள். அதைத்தான் நான் திங்கட்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவுக்கேயின் மனைவி ஓரகத்தியின் கையைக் கோழி வாங்குகிறவள் மாதிரி அமுக்கிப் பார்த்தாள். திருப்தி. புருஷன் எப்படி என்று மலாயில் கேட்டாள். "குவாட்" என்று ஓரகத்தி புஜத்தைத் தட்டிக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, வாயையும் தொட்டுக் காட்டி, "இதுவும் குவாட்" என்றாள். சீனத்திக்கும் அந்த மாதிரி ஒரு புருஷன் வாய்த்திருக்க வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பலகை வீடு இருந்தது. ஒரு குடும்பத்துக்குத்தான் வேலை. இரண்டுக்கு இல்லை.

திரும்பி வரும்போது, "நான் போறேன். நீ இரு" என்றாள். நெஞ்சில் கை வைக்கவில்லை. காலில் ஏறிய அட்டையைப் பிய்த்தபடி சொன்னாள். "இங்க ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து குடுக்க டிரெசர் இருக்காரு. நீ அங்க வந்து அன்னாசி முள்ளுல விழுந்து வெச்சா உன்னை யாரு தூக்குறது?"

நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மறுத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருந்தேனே.

இனி கிராணி பேரை அடிக்க வேண்டும். ஆம்பளைகளை அனுப்பினால் மறுபடியும் அழுதுவிட்டு வருவார்கள். திங்கட்கிழமை மாமியார் தானே போனார். தனியாகப் போகவில்லை. ஆயாக் கொட்டகையிலிருந்த முப்பது பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு போனார். நடக்கத் தெரிந்தது நடந்தது, தெரியாததைத் தெரிந்தது தூக்கிக்கொண்டது. ஆபீசுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டார். பால் நிறுக்கக் காத்திருந்த நாங்கள் வெளியே நின்று கேட்டோம்.

"எழுதின பேரை அடிச்சிடுங்க. சின்னவன் இங்கயே வேலை செய்வான். பெரியவன் வெளிய வேற வேலைக்குப் போறான். எங்க வீட்டுலருந்து கப்பலுக்கு ஆள் வரல."

"அவங்களே வாயால சொன்னாங்கம்மா."

"அவனுங்க கதை கேட்டுட்டு உளறினானுங்க. பெத்தவ நான் சொல்றேன்."

"ஆம்பளைங்க வந்து சொல்லட்டும்."

"வரச் சொல்றேன். வந்தா ரெண்டு பேரும் நான் போறேன், நான் போறேன்னு திரும்ப ஆரம்பிப்பானுங்க. கேட்டுட்டு உக்காந்திருக்கீங்களா?"

உள்ளே நாலைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன. ஒன்று மைக்கூட்டைக் கவிழ்த்தது. இன்னொன்று துரையின் தொப்பிக்குள் போகக் கூடாததைப் போனது. கிராணி இருமத் தொடங்கினார். இருமிக்கொண்டே கோடு கிழித்தார்.

ஓரகத்தி குடும்பம் கிளம்பிய நாளில் லயம் முழுக்க வெளியே வந்து நின்றது. மாட்டு வண்டியில் இரண்டு பாய், ஒரு மூட்டை, ஒரு கோழிக்கூண்டு. மூத்தார் வண்டியில் ஏறும்போது எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஒரே வயித்துல பொறந்தவங்களைப் பிரிச்சிட்டீங்களே" என்றார். என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு கட்டை தூரம்," என்றாள் ஓரகத்தி. "சேந்தே இருந்திருந்தா நாகப்பட்டணத்துல ஒண்ணாப் பட்டினி கெடந்திருக்கலாம். கோழியைப் பிடிங்க, விழப்போவுது."

வண்டி போன பிறகு பெண்கள் கூடி நின்று பேசினார்கள். கதையில் வந்த மாதிரியே ஆகிவிட்டது, மருமகள்கள் குடும்பத்தை உடைத்துவிட்டார்கள் என்று. மாமியார் கேட்டுக்கொண்டே வந்து நடுவில் நின்றார்.

"ஆமா, எம் மருமகளுங்கதான் பிரிச்சாளுங்க," என்றார். "கீழ் லயத்துல மூணு குடும்பம் பிரியாம ஒண்ணாக் கப்பலேறிப் போனாங்களே, கடுதாசி ஏதும் வந்துச்சா?"

கடிதம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

நாங்கள் இருந்துகொண்டோம். மூத்தார் அன்னாசித் தோட்டத்தில் முதல் மாதம் முள் குத்தியதற்கெல்லாம் எங்களைத் திட்டினார் என்று ஓரகத்தி சொல்லி அனுப்பினாள். இரண்டாவது மாதம் தானாகவே ஒரு கத்தரிப் பாத்தி போட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் தம்பி சந்திப்பார்கள். ஒரு வாரம் பார்க்காததால் பேச விஷயம் இருந்தது. ஆனால் ஒரே தட்டு முடிந்துபோனது. அவரவர் தட்டில் சாப்பிட்டு அவரவர் கழுவும்படி மாமியார் உத்தரவு போட்டிருந்தார். பின்னாளில் ஓரகத்தி குடும்பம் உலு திராம் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பிடித்துக் குடியேறியது. நான் கதை எழுத ஆரம்பித்தபோது இவளை வைத்து ஒன்று எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். குடும்ப ஒற்றுமைக்கு விரோதமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். தபால் முத்திரை வீண்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது ஒரு பெருமழை மாதத்தில். பாதையெல்லாம் முழங்கால் தண்ணீர். ஓரகத்தி அந்த மூன்று கட்டையையும் நடந்தே வந்தாள், தலையில் ஒரு சாக்கு அன்னாசிப் பழத்தோடு. பிள்ளை பெற்றவள் அன்னாசி சாப்பிடக் கூடாது என்று மாமியார் போட்ட சத்தத்தில் குழந்தை முதல் முறையாக விக்கியது. மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து ஓரகத்தி ஒரு பழத்தை நறுக்கி, உப்புத் தொட்டு, என் வாயில் திணித்தாள். மூன்று நாள் இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள், என் கணவரை விறகு வெட்ட வைத்தாள், மாமியாரோடு ஐந்து சண்டை போட்டாள். நாலாம் நாள் அவள் போன பிறகுதான் பார்த்தேன், கொடியில் கிடந்த என் ஒரே நல்ல சேலையைக் காணோம். அவளுடைய ஈரச் சேலை அந்த இடத்தில் தொங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் சேலையைக் கட்டிக்கொண்டே வந்தாள். நான் அவளுடையதைக் கட்டியிருந்தேன்.